மூன்று கப் டீயும் ஹின்னெர்க் அண்ணாவின் மூன்று செடிகளும்

லேர், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஹின்னெர்க் அண்ணாவுக்கு,

தங்கை வீப்கே எழுதுவது. நானும் பக்கத்து வீட்டு ஃபோல்கே அத்தையும் சௌக்கியம். அறுவை சிகிச்சை முடிந்து நீ ஓய்வெடுக்கும் தீவுக் காற்றில் உன் புது முழங்கால் நன்றாக மடங்கி நீளட்டும். உன் கஞ்சாச் செடிகள் மூன்றும் உயிரோடு இருக்கின்றன. இந்த வரியை மனதில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்து மீதியைப் படி.

"உன் கையில கள்ளிச்செடிகூடப் பிழைக்காது. ஆனா வேற ஆள் இல்லையே" என்று சொல்லிவிட்டு நீ புறப்பட்டாய். ஆளுக்கு மூன்று கஞ்சாச் செடி வீட்டில் வளர்க்கலாம் என்று நம் நாட்டில் சட்டம் வந்ததிலிருந்து நீ கண்ட கனவு இது. இனி வலியில்லாமல் தூங்க இந்த அறுவடையைத்தான் நம்பியிருக்கிறாய். அதனால்தான் முதல் கறுப்புப் பூச்சி என் மூக்கில் நுழைந்ததுமே செடிகளிடம் ஓடினேன். தொட்டியைத் தொட்டாலே மண்ணிலிருந்து பூச்சிகள் புகைபோல எழும்பின, அடியிலைகள் மஞ்சளாயின, அத்தை தபால்தலை பார்க்கும் பூதக்கண்ணாடியோடு ஓடிவந்து, "அசுவினிப் பூச்சிடி!" என்றார். "இலைல ஒண்ணுகூட இல்லையே அத்தை." "அப்ப சிலந்திப்பேன்." "வலை எங்க?" "எல்லாத்துக்கும் என்கிட்ட கேள்வி கேளு!" மண்ணில் புழு இருந்தால் தின்ன மேலே வரட்டும் என்று நான் உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி மண்மேல் வைத்தேன். மறுநாள் புரட்டினால், அண்ணா, கறுப்புத் தலையோடு கண்ணாடிப் புழுக்கள்! ஈரமண்ணில் பெருகி வேரைத் தின்னும் பூஞ்சைக் கொசுவின் குஞ்சுகள்! இந்த வயதில் நானாக ஒன்றைக் கண்டுபிடித்தேன் என்று சமையலறையில் தனியாக நின்று கைதட்டினேன்.

உடனே மஞ்சள் பசை அட்டைகளைத் தொங்கவிட்டேன். கொசுக்கள் ஒட்டின, அத்தையின் புதுக் கொண்டையும் ஒட்டியது. தபாலில், கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்கள் அடங்கிய பொடி வரவழைத்து, தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். அவை மண்ணுக்குள் போய்க் கொசுப் புழுக்களைக் கொல்லுமாம். "புழுவைக் கொல்லப் புழுவையே வாங்கினியா? உங்கப்பன் இருந்திருந்தா சிரிச்சே செத்திருப்பான்" என்றார் அத்தை. ஒரு வாரம் அமைதி. பிறகு மறுபடியும் பூச்சிப் புகை! பொடி விற்ற கடைக்குப் போன் செய்தேன்.

"தண்ணி எவ்வளவு விடுறீங்க?"

"தண்ணியே விடுறதில்ல சார். ஆறின டீ. ஆளுக்கு மூணு கப்."

"வாரத்துக்கா?"

"நாங்க குடிக்கும்போதெல்லாம். காலைல, பதினொரு மணிக்கு, மூணு மணிக்கு, ராத்திரி."

நான் விளக்கினேன்: "எங்க ஊர்ல மூணு கப்புக்குக் குறைஞ்சா மரியாதை இல்ல. விருந்தாளி போதும்னு கப்புக்குள்ள கரண்டியை வைக்கிற வரைக்கும் ஊத்திட்டே இருக்கணும்."

"அம்மா, செடிக்கிட்ட ஏது கரண்டி?"

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முதல் நாளே அத்தை, "நாம குடிக்கிறோம், அதுங்க பாத்துட்டு நிக்குது. நல்லாவா இருக்கு?" என்று கேட்டார். எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. நாம் டீயில் போடும் பாலேடும் கற்கண்டும் செடிகளுக்குச் சேர்க்காதது மட்டும்தான் என் புத்திசாலித்தனம். யாரிடமும் போதும் என்று சொல்லத் தெரியாத நான், சொல்ல வாயில்லாத மூன்று பேரைக் கவனித்துக்கொண்டால் வேறென்ன நடக்கும்?

இப்போது ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு டீக்கரண்டி நட்டிருக்கிறேன். நான்கு நாளாகச் சொட்டு ஈரமில்லை. மண் வெடித்திருக்கிறது, கொசு ஒன்றுகூட இல்லை, நுனியில் புது இலை விட்டிருக்கிறது! பிழைத்துவிட்டன, அண்ணா! சனிக்கிழமை வந்து பார்த்துவிட்டு, கள்ளிச்செடி பற்றிச் சொன்னதை நீ திரும்பப் பெற வேண்டும்.

மருத்துவருக்கு என் வணக்கம், உன் முழங்காலுக்கு அத்தையின் ஆசீர்வாதம்.

உன் அன்புத் தங்கை,
வீப்கே

பின்குறிப்பு: இந்தக் கடிதத்துக்கு நான் தபால்தலை வாங்கப் போன நேரத்தில் அத்தை வந்திருக்கிறார். "கரண்டியெல்லாம் ஒரே மண்ணுடி, கழுவி அடுக்கிட்டேன்" என்றார். தொட்டிகளைப் பார்த்தேன். கரண்டி இல்லாத இடத்தில் அத்தை கைகட்டிக்கொண்டு நிற்பாரா? செடிகளுக்கு ஆளுக்கு மூன்று கப் டீ ஊற்றிவிட்டார். இந்த முறை பாலேடும் சேர்த்து.