மாமனாருக்கு விரித்த ஆட்டுத்தோல்

புது மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் மூளை வேலை செய்யாது. வாய் மட்டும் பிரமாதமாக வேலை செய்யும். என் வாய் செய்த வேலையால், அசையக்கூட முடியாமல் கிடந்த ஒரு மனிதர் பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் எனக்கு முகம் சுண்டிப்போகிறது.

எண்பதுகளின் தொடக்கம். கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். ஆனையூரில் இருந்த என் மாமனார் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். காலில் எடை கட்டி, மல்லாக்கவே படுக்க வைத்துவிட்டார்கள். முதுகு புண்ணாகத் தொடங்கியது. பார்க்க வந்த டாக்டர், "வெளிநாட்டுல இதுக்கு ஆட்டுத்தோலை விரிப்பாங்க. மெத்துன்னு இருக்கும். நமக்கு அதெல்லாம் எதுக்கு? முதுகை அடிக்கடி தொடைச்சுப் பவுடர் போடுங்க" என்றார்.

பின்பாதி என் காதில் விழவே இல்லை.

"தோலுதானே அத்தை, நான் கொண்டு வாரேன்" என்றேன். என் மனைவி செல்வி என்னைப் பார்த்து முறைத்தாள். (பெருமையாகப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.)

நான் ஒத்தக்கடையில் ஒரு டுடோரியல் காலேஜில் கணக்கு வாத்தியார். தெருமுனைக் கறிக்கடை பாயிடம் போய்ச் செம்மறித் தோல் கேட்டேன்.

"பதம் போடத் தெரியுமாண்ணே?"

"அதெல்லாம் தெரியும் பாய்." (தெரியாது.)

உப்பும் மஞ்சளும் தேய்த்து மொட்டை மாடியில் காயப்போட்டேன். வெளிநாட்டு ஆட்டுக்குப் பஞ்சு மாதிரி கம்பளி. நம் பக்கத்துச் செம்மறிக்கோ ஒரு வாரத் தாடி அளவுக்குத்தான் முடி. அது என் புத்திக்கு எட்டவில்லை. காய்ந்த தோல் அப்பளமாக விறைத்தது. கூடவே இருந்து பழகியதில் நாற்றமும் எனக்குத் தெரியவில்லை.

பஸ்ஸில் தெரிந்தது. "யாருய்யா அது, கருவாடு கொண்டு வாரது? எறங்கு கீழ!" என்று கண்டக்டர் கத்தினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து திரும்பிப் பார்த்தேன்.

ஆனையூரில் ஆள் கூட்டி மாமாவை மெல்லத் தூக்கித் தோலை அடியில் விரித்தோம். மொறுமொறுவென்று சத்தம் வந்தது.

"எப்படி மாமா இருக்கு?"

கூரையைப் பார்த்தபடியே, "நல்லா இருக்கு மாப்ள" என்றார்.

அத்தை ஊதுபத்தி கொளுத்தினார். போதவில்லை. சாம்பிராணி போட்டார். நலம் விசாரிக்க வந்த பக்கத்து வீட்டம்மாள் புகையையும் வாடையையும் பார்த்து வாசலிலேயே நின்று, முந்தானையால் வாயைப் பொத்தி, "எப்ப ஆச்சு?" என்று கேட்டார்.

"இன்னும் ஆகலைம்மா" என்று உள்ளேயிருந்து மாமா பதில் சொன்னார்.

சாயங்காலம் முதுகு துடைக்க வந்த செல்வி அலறினாள். தோல் முழுக்க எறும்பு. மாமாவின் முதுகெல்லாம் சிவப்புத் தடிப்புகள்.

"ஏம்ப்பா, இம்புட்டு கடிச்சிருக்கே! வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?"

"மாப்ள ஆசையாக் கொண்டு வந்திருக்காரு தாயி. உடனே எடுக்கச் சொன்னா மனசு கஷ்டப்படும்ல?" என்றார் மெதுவாக.

காபி டம்ளரோடு நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். யாராவது திட்டியிருந்தால் தேவலை. யாரும் திட்டவில்லை. தோலைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன். ஊர்க் கடைசிப் பொட்டல் வரைக்கும் தெருநாய்கள் என்னை ஊர்வலமாக அழைத்துப் போயின. அப்புறம் மாமா எழுந்து உட்காரும் வரை, வகுப்பு முடிந்ததும் பஸ் பிடித்துப் போய் அவர் முதுகை நானே வேப்பிலைத் தண்ணீரில் துடைத்துவிட்டேன். அவர் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் விடவில்லை. அவர் முகத்தைப் பார்த்துப் பேசத்தான் எனக்குத் தைரியமில்லை. முதுகைப் பார்த்தே பேசினேன்.

எலும்பு கூடியது. விசேஷ வீடுகளில் யாராவது காலைப் பற்றி விசாரித்தால், "எல்லாம் எங்க மாப்ள வைத்தியம். ஆட்டுத்தோலுல படுக்க வச்சாரு. சீக்கிரம் எந்திரிச்சு ஓடிறணும்னு எலும்புக்கே ரோசம் வந்துருச்சு" என்பார். பந்தியே சிரிக்கும். நானும் இலையைப் பார்த்தபடி சிரிப்பேன்.

எறும்பு கடித்ததை மட்டும் அவர் கடைசிவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பாக்கியைச் செல்வி இப்போது எங்கள் மருமகனிடம் சொல்லித் தீர்க்கிறாள். நல்ல பையன், சிரிக்க மாட்டான். கதை முடிகிற வரை முதுகைச் சொறிந்துகொண்டே இருப்பான்.