வெளிச்சத்துக்குப் பகையாளி இருட்டு மிஸ்

மட்டக்களப்பு வாவி உண்டான காலம் தொட்டு, அதன் கரையில் வெளிச்சத்தை இவ்வளவு பகைத்த ஒருவர் பிறந்ததில்லை. இனிப் பிறக்கப்போவதும் இல்லை. எங்கள் ஆய்வுகூடத்தில் அவருக்குப் பெயர் இருட்டு மிஸ். ஞானஸ்நானத்தில் வைத்த நீளமான பறங்கிப் பெயர் ஒன்றும் இருந்தது. வரவுப் புத்தகத்தைத் தவிர வேறெங்கும் அதை நான் கண்டதில்லை.

நான் அங்கே றிப்போட் அடிக்கிற லிகிதர். வாவி ஆகத் திறமாகத் தெரிகிற யன்னல் எங்கள் மேல்மாடி அறையில்தான் இருந்தது. மிஸ் அந்த அறையைத்தான் கேட்டு வாங்கினார். வாங்கிய அன்றே குடைத் துணியில் கறுப்புத் திரை தைத்துப் போட்டு, ஓரங்களையும் ரேப் நாடாவால் ஒட்டிவிட்டார். மேசையில் ஒரு சின்ன விளக்கு, அதற்கும் ஒரு சட்டை. இயந்திரம் திருத்த வந்த மனிதர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஆட்கள் இல்லை என்று கீழே இறங்கிப் போய்விட்டார். மிஸ் அவருக்கு மூன்றடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார்.

இதற்கெல்லாம் காரணம் இல்லாமல் இல்லை. எங்களிடம் ஃப்ளோ சைட்டோமீட்டர் என்றொரு இயந்திரம் வந்திருந்தது. இரத்தத்தில் இருக்கும் நோயெதிர்ப்புக் கலங்களில், அதாவது செல்களில், பல வகை உண்டு, ஆனால் முகவெட்டு ஏறக்குறைய ஒன்றுதான். ஆளை அடையாளம் காண, பிறபொருளெதிரி என்ற சாமானைச் சேர்ப்பார்கள். ஒவ்வொன்றும் தனக்குரிய கலத்தில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும். அதன் வாலில் ஒளிரும் சாயம் கட்டியிருக்கும். பிறகு கலங்கள் ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் முன்னால் ஓட, எந்த நிறம் மின்னுகிறது என்று பார்த்து இயந்திரம் ஆளைச் சொல்லிவிடும். இந்தச் சாயங்களுக்கு வெளிச்சம் ஆகாது. "வெளிச்சம் படாமல் வைக்கவும்" என்று கம்பனிக்காரன் போத்தலில் ஒரு வரிதான் எழுதியிருந்தான். மிஸ் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

குழாய்களைச் சுற்றுவதற்கு வெள்ளித்தாள் வேண்டும். சோற்றுப் பார்சல் கட்டுகிற அதே தாள்தான். ஏறாவூரில் ஒரு கடையில் மிஸ் அதைச் சுருள் சுருளாக வாங்குவார். கடைக்கார நானா ஒருநாள், கிழமைக்கு எத்தனை கட்டுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். மிஸ் ஒளிக்காமல் நூறு, நூற்றிருபது வரும் என்று சொல்லியிருக்கிறார். அடுத்த முறை போனபோது, மகளின் கலியாணத்துக்குப் புரியாணி ஓடர் எடுப்பீர்களா என்று நானா பணிவாகக் கேட்டாராம். மிஸ் கோபிக்கவில்லை. தான் செய்வது சாப்பிடுகிற சாமான் இல்லை என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு நானா அவரைப் பார்த்த பார்வையே வேறு.

கொழும்பிலிருந்து ஐஸ் பெட்டியில் பிறபொருளெதிரி வருகிற நாட்களில் பஸ் நிலையத்தில் ஒரு கூத்து நடக்கும். உச்சி வெயிலில் மிஸ் குடையை விரித்துப் பெட்டிக்குப் பிடித்துக்கொண்டு, தான் வியர்த்து வழிய நடந்து வருவார். ஒருமுறை ஒரு அம்மா வழியில் நின்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, உள்ளே மாதா சுரூபமா என்று கேட்டார். "அதவிடப் பவித்திரமான சாமான்," என்றார் மிஸ். கோயிலுக்குத் தவறாமல் போகிறவரின் வாயிலிருந்து வந்த வார்த்தை அது.

எனக்கு ஏழரை பிடித்தது ஒரு கலண்டரால். எங்கள் முதலாளி டொக்டருக்குப் புதுவருடக் கலண்டரில் இயந்திரத்தின் படம் போட ஆசை. அந்த வெள்ளிக்கிழமை மிஸ் ஒரு கலியாணத்துக்கு லீவு போட்டிருந்தார். படம் எடுக்க வந்தவர் வெளிச்சம் போதாது என்றார். நான் ரேப்பைப் பிய்த்துத் திரையைக் கழற்றினேன். வாவியே அறைக்குள் வந்தமாதிரி வெயில் கொட்டியது. இயந்திரத்தின் முன்னால் ஏதாவது அடுக்கினால் வடிவாக இருக்கும் என்றார் அவர். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து பிறபொருளெதிரிப் போத்தல்களை எடுத்தேன். வெள்ளித்தாளோடு வைத்தால் சாப்பாட்டுக் கடை விளம்பரம் போல இருந்தது, அதையும் உரித்தேன். கோணம் பார்த்துப் பார்த்து எடுத்ததில் ஒன்றரை மணித்தியாலம் போனது. பிறகு எல்லாவற்றையும் சுற்றி, மூடி, ஒட்டி, ஒன்றும் தெரியாத பூனை மாதிரி வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை குருக்கள்மடத்திலிருந்து ஒரு பெண்ணின் இரத்தம் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு பிள்ளைகளின் தாய். மாறாத காய்ச்சல், கழுத்தில் கட்டிகள். அவருடைய கணவர் வாவியில் இறால் பிடிக்கிறவர். காலையிலிருந்து என் மேசைக்கு முன்னால் வாங்கில் உட்கார்ந்து, நான் எதை அடித்தாலும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானத்துக்கு முன் முடிவு வந்தது. நல்ல கலங்களில் இருக்கவே கூடாத ஒரு நிறம் படத்தில் மின்னியது. டொக்டர் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். இரத்தப் புற்றுநோய் போலத்தான் இருக்கிறது, இன்றைக்கே கொழும்புக்கு அனுப்புவோம், கடிதத்தை அடி என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கீழே போனார்.

மிஸ் மட்டும் கணினித் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. வழக்கமாகக் குழாயைத் தட்டும்போது பைலாத் தாளம் போடுகிற விரல்கள் அன்று சும்மா இருந்தன. என்னைக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழம என்ட அறைக்குள்ள வெளிச்சம் வந்ததா?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் என் வேலைக்கு ஒன்றும் வராது. ஆனால் வெளியே அந்த மனிதர் வாங்கில் இருந்தார். கலண்டர், யன்னல், உரித்த வெள்ளித்தாள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஏச்சு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"சட்டக் கைய மடிச்சிக்கிட்டு இரிங்க. உங்கட ரத்தம் வேணும்," என்றார் மிஸ்.

வெயில் பட்ட அதே போத்தல்களைக் கொண்டு என் இரத்தத்தையும் சோதித்தார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். "இந்தா பாருங்க. அந்தக் குருக்கள்மடத்துப் புள்ளக்கி இரிக்கிற வருத்தம் உங்களுக்கும் இரிக்கி."

நான் கதிரையைத் தேடினேன். இருட்டில் கிடைக்கவில்லை, தரையில் உட்கார்ந்தேன்.

"பயப்பிடாதீங்க. உங்களுக்கு ஒண்டும் இல்ல. அப்ப அவக்கும் இல்லாம இரிக்கலாம்."

அந்தப் போத்தல்களில் ஒன்றில் இருந்த சாயம், இரண்டு சாயங்களைப் பிணைத்துச் செய்தது. வெயில் பட்டால் பிணைப்பு அறுந்து, வேறு நிறத்தில் ஒளிரத் தொடங்கிவிடும். இயந்திரம் அதை நம்பி, இல்லாத கலத்தை இருக்கிறது என்று சொல்லும். நல்ல காலமாக, பெட்டியின் அடியில் நான் தொடாத, இன்னும் திறக்காத போத்தல்கள் இருந்தன. மிஸ் இரண்டு இரத்தத்தையும் மறுபடி புதிதாகச் செய்தார். நான் இரண்டு மணித்தியாலம் தரையை விட்டு எழும்பவில்லை. அந்த நிறம் என் இரத்தத்திலும் இல்லை, அந்தப் பெண்ணின் இரத்தத்திலும் இல்லை. ஏதோ கிருமியோடு சண்டை பிடிக்கிற கலங்கள்தான் அவருக்குக் கூடியிருந்தன. மருந்தில் மாறுகிற வருத்தம் என்று டொக்டரே வந்து சொன்னார்.

மிஸ்ஸுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அந்தக் கணவர் அறைக்குள் வந்தார். இருட்டில் ஆள் எந்தப் பக்கம் என்று தெரியாமல் இயந்திரத்தைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பிறகு டொக்டர், போத்தல்களை வெளிச்சத்தில் வைத்தது யார் என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். மிஸ் முந்திக்கொண்டார்.

"என்ட பொறுப்பில உள்ள சாமான் சேர். நான்தான் பதில் சொல்லோணும்."

உப்பு டப்பாவைக்கூட வெள்ளித்தாளில் சுற்றி வைக்கிற மனிசி அப்படிச் சொன்னதை டொக்டர் நம்பவில்லை. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கிப் போனார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பின்னேரம் கேட்டேன். கேட்டவுடன் நீங்கள் உண்மையைச் சொல்லிவிட்டீர்கள், அந்தப் பிள்ளைக்கு அது போதும், போய் றிப்போட்டை அடியுங்கள் என்றார். அதை அடிக்கும்போது எனக்கு எழுத்து மறைத்தது. அறையின் இருட்டு என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் என் மேசை வெளியேதான் இருந்தது.

இன்றைக்கும் யாராவது இருட்டு மிஸ்ஸை விசர், பைத்தியம் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவரை அப்படிச் சொல்ல எனக்கு மட்டும்தான் உரிமை.