நரி பாதியில் திரும்பிய காலை

எனக்குக் கார் ஓட்டத் தெரியும் என்று சொன்னால் என் வீட்டில் யாரும் மறுக்கமாட்டார்கள். சிரிக்க மட்டும் செய்வார்கள்.

எழுபதுகளின் கடைசியில் ஆண்டிமடத்திலிருந்து குன்னத்துக்குப் பெண் பார்க்கப் போனோம். அந்தப் பெண்ணை ஒரு கல்யாணத்தில் ஏற்கெனவே பார்த்திருந்தேன். அன்றிலிருந்து வேறு எந்த ஜாதகம் வந்தாலும் எனக்குத் தலைவலி வந்துவிடும். ஆனால் அப்பா இல்லாத வீட்டில் தாய்மாமன் வைத்ததுதான் சட்டம். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

டிரைவர் வைத்துப் போயிருக்கலாம். மாப்பிள்ளையே கார் ஓட்டிவந்து இறங்கினால் ஊரே அசந்துபோகும் என்று எனக்கு ஒரு நினைப்பு. நண்பனிடம் கெஞ்சி அவனுடைய அம்பாசிடரை வாங்கினேன். (அப்போதுதான் ஓட்டக் கற்றிருந்தேன். ஹாரன் அடிப்பது மட்டும் நன்றாக வந்தது.)

அன்று திங்கட்கிழமை. ஏழரைக்கு ராகு காலம். அதற்குள் பெண் வீட்டில் காலடி வைத்துவிட வேண்டும் என்று மாமா இருட்டிலேயே கிளப்பிவிட்டார். குன்னத்தை நெருங்கும்போது நன்றாக விடிந்திருந்தது. இரவு பெய்த மழையில் ரோட்டோரம் எல்லாம் கரிசல் சேறு. இடப்பக்கத்துப் பருத்திக் கொல்லையிலிருந்து ஒரு நரி ரோட்டில் ஏறியது.

"மெதுவா, மெதுவா," என்றார் மாமா. குரல் குழைந்துவிட்டது. "எடத்துலேர்ந்து வலம் போவுது பாரு. இதுக்கு மேல என்னடா சகுனம் வேணும்? இன்னிக்கே தட்ட மாத்திருவோம்."

பின்சீட்டில் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நரி முக்கால் ரோட்டைக் கடந்துவிட்டது. விட்டிருந்தால் அது பாட்டுக்குப் போயிருக்கும். நான் சந்தோஷத்தில் ஹாரனை அழுத்தினேன். (ஏன் என்று கேட்காதீர்கள். தெரிந்த ஒரே வித்தையைக் காட்டாமல் எப்படி இருப்பது?)

நரி நின்றது. எங்களைப் பார்த்தது. இன்னும் நாலு எட்டு வைத்தால் அந்தப் பக்கம் போய்விடலாம். பாவம், அது சட்டென்று திரும்பி, எங்கள் சக்கரத்துக்கு நேராக ஓடிவந்தது. நான் ஸ்டியரிங்கை ஒடித்தேன். வால் ஒன்று பருத்திச் செடிகளுக்குள் மறைவது தெரிந்தது. அடுத்த நொடி கார் சேற்றுக்குள் இறங்கிப் புதைந்து நின்றது.

மாமா காரை விட்டு இறங்கவில்லை. "வலத்துலேர்ந்து எடம் வந்துருச்சு," என்றார். "எல்லாம் போச்சு. வண்டியத் திருப்பு."

திருப்ப வண்டி நகர வேண்டுமே. கடைசியில், எங்களுக்காக ரோட்டில் காத்திருந்த பெண்ணின் அப்பாதான் ஒரு ஜோடி மாட்டை ஓட்டிவந்து காரை இழுத்தார். அசந்துபோன ஊர் வேடிக்கை பார்க்க, இடுப்பு வரை சேற்றோடு நான் பின்னால் நடந்தேன். ராகு காலம் எப்போதோ தொடங்கியிருந்தது.

"காப்பி மட்டும் குடிச்சிட்டுக் கெளம்புறோம்," என்று மாமா உட்கார்ந்து, நரி கதையை ஒன்றுவிடாமல் சொன்னார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காப்பி கொண்டுவந்த பெண் அப்படியே நின்றாள்.

"நரிக்கு ஒண்ணும் ஆவலீங்களே?"

அதுவரை எங்களில் யாரும் கேட்காத கேள்வி. "இல்லீங்க, ஓடிருச்சு," என்றேன்.

"அது திரும்பிருச்சேம்மா," என்றார் மாமா.

"எங்க கொல்லப் பக்கமும் பாத்திருக்கேங்க. பயந்துட்டா அதுக்கு வண்டி எவ்ளோ தூரத்துல வருதுன்னெல்லாம் தெரியாது. எதுக்க என்ன இருக்குன்னும் தெரியாது. வந்த பக்கந்தான் பழகுன பக்கம், அங்கயே ஓடியாந்துரும். ஆரன் அடிக்காட்டி போயிருக்குங்க."

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப நரி ஒழுங்காத்தான் போயிருக்கு. குறுக்க போனது நம்ம பயதான்." பெண்ணின் அப்பாவிடம் திரும்பினார். "ஒம்போது மணிக்கு ராகு காலம் முடிஞ்சுரும்ல? அது வரைக்கும் இருக்கோம்."

இன்றும் எங்கள் குடும்பத்தில் ரோட்டில் ஓணானைக் கண்டாலும் வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா காத்திருப்பார்கள். நான் கடைக்குக் கிளம்பி, கண்ணாடியை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்தால், அடுப்படியிலிருந்து அவள் குரல் கேட்கும்.

"யாருங்க ஆரன் அடிச்சது?"