வீட்டு நேர்காணலில் என் மகள் தேறவில்லை

மதிப்பிற்குரிய சனிக்கிழமை வகுப்பு டீச்சர் அம்மாவுக்கு, பள்ளிச் சீருடை தைக்கும் தையல்காரர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் ஒருவன்தான் நலமாக இல்லை, உடம்புக்கு ஒன்றுமில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவர் யாரும் இல்லை. அதனால் நூலக மாடியில் கல்லூரி நேர்காணலுக்கென்று நீங்கள் சொல்லித்தருவதெல்லாம் என் மகளுக்கு வேதவாக்கு. எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசச் சொன்னீர்களாம். கடைக்கு அளவு கொடுக்க வந்த ஒருவரை அவள் இமைக்காமல் பார்த்ததில், மனிதர் அளவே கொடுக்காமல் போய்விட்டார். அதையும் பொறுத்துக்கொண்டேன். போன வாரம், வீட்டிலேயே நேர்காணல் நடத்திப் பழக்குங்கள் என்று கேள்வித்தாள் அனுப்பினீர்கள் பாருங்கள், வினை அங்கேதான் ஆரம்பித்தது.

துணி வெட்டும் மேசைக்குப் பின்னால் நான், என் மனைவி, கடையில் பொத்தானுக்குக் காஜா எடுப்பவர் மூவரும் உட்கார்ந்தோம். மகள் கதவைத் தட்டிவிட்டு வந்தாள். ஏன் இந்தப் படிப்பு என்று மனைவி கேட்க, கடகடவென்று பதில் சொன்னாள். காஜாக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் பத்துக்குப் பத்து போட்டார். அடுத்து என் முறை. தாளில் இருந்த கேள்வியை விட்டுவிட்டு, "அவ்வளவு தூரத்துல, ஹாஸ்டல்ல, எங்களை விட்டுட்டு எப்படிம்மா இருப்ப?" என்று கேட்டுவிட்டேன்.

"அப்பா, அங்க இதெல்லாம் கேக்க மாட்டாங்க."

"கேக்க வேணாமா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் கைக்குக் கிடைத்த துண்டுத்துணியால் துடைத்துக்கொண்டேன். காஜாக்காரர் மூக்கை உறிஞ்சினார். என் மனைவி மட்டும், "அவ இருந்துக்குவா. நீங்க இருப்பீங்களான்னு முதல்ல சொல்லுங்க" என்றாள். நேர்காணல் அத்துடன் கலைந்தது. நான் பூஜ்யம் போட்டேன்.

ஆகையால், உள்ளூர்க் கல்லூரியே போதும் என்று நீங்களே அவளிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். விடுதி ஒப்புதல் தாளில் நான் கையெழுத்துப் போடுவதாக இல்லை. நீங்கள் நெடுநாள் நலமாக இருந்து, இன்னும் பல பிள்ளைகளைக் கரையேற்ற வேண்டும், என் பிள்ளையைத் தவிர.

இப்படிக்கு,
உங்கள் மாணவியின் அப்பா

பி.கு.: கையெழுத்துப் போட்ட ஒப்புதல் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். விடுதிக்கென்று நான் தைத்து வைத்திருந்த ஐந்து செட் உடைகளையும் இப்போதுதான் போட்டுப் பார்த்தாள். பள்ளிப் பிள்ளைகள் வளர்ந்தால் பிரித்துவிட, ஓரத்தில் இரண்டு இஞ்ச் துணியை உள்ளே மடித்துத் தைப்பது எங்கள் வழக்கம். கைப்பழக்கத்தில் இவளுக்கும் அப்படியே தைத்திருக்கிறேன். "இனிமே நான் எங்க வளரப்போறேன்ப்பா?" என்று சிரித்தாள். இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். அவளுக்குத் தையல் பிரிக்கத் தெரியாது. பிரிக்க வேண்டுமென்றால் வீட்டுக்குத்தான் வந்தாக வேண்டும்.