நாக்கு நுழையாத பெட்டி

அட்டையின் நாக்கு துளைக்குள் போகமாட்டேன் என்றது.

பர்ஜோனோ தள்ளிப் பார்த்தார், திருகிப் பார்த்தார், கடைசியில் கெஞ்சியும் பார்த்தார். க்ளாத்தென் ஊரில் எந்த மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் கண்ணை மூடிக்கொண்டு என்ஜினைப் பிரித்து மாட்டிவிடுகிற மனிதர். கேக் வைக்கிற அட்டைப்பெட்டி என்ன பெரிய வித்தையா? தட்டையாக வரும். மடித்து, நாலு மூலையிலும் நாக்கைச் செருகினால் தீர்ந்தது. அந்தப் பெட்டிதான் இப்போது அவரைத் தரையில் உட்காரவைத்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

இன்று அவர் மனைவி லஸ்மினி இறந்த நூறாம் நாள். மஃரிப் தொழுகை முடிந்ததும் சந்தில் உள்ள ஆண்கள் எல்லாரும் வந்து, பாயில் உட்கார்ந்து அவளுக்காக ஓதுவார்கள். திரும்பும்போது ஆளுக்கொரு பெட்டி கொடுத்தனுப்ப வேண்டும். உள்ளே அரிசிமாவு ஆபெம், வாழையிலையில் சுருட்டிய ஒட்டரிசி லெம்பர், ஒரு பிடி வேர்க்கடலை.

ஏழாம் நாளுக்கும் நாற்பதாம் நாளுக்கும் அக்கம்பக்கத்துப் பெண்களே மடித்து, நிரப்பி, அடுக்கிவிட்டார்கள். பர்ஜோனோ சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தார். நாற்பதாம் நாள் யாரோ அவர் கையிலும் ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டார்கள். அவரும் வாங்கிக்கொண்டு, வாசலில் தன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, தெருவில் நாலு வீடு நடந்த பிறகுதான் எங்கே போகிறோம் என்று யோசித்தார்.

அதனால்தான் இந்த முறை வீம்பு. "பெட்டியை ஒருத்தரும் தொடக் கூடாது. என் பெண்டாட்டிக்கு நான் மடிக்கிறேன்" என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

பக்கத்து வீட்டுத் துமினி, லஸ்மினியோடு சேர்ந்து கேக் வியாபாரம் பார்த்தவள், "அண்ணே, நீங்களா?" என்றாள்.

அந்த 'நீங்களா'வுக்குப் பின்னால் எத்தனையோ வருஷத்துச் சரித்திரம் இருந்தது. கல்யாணமான புதிதில் பர்ஜோனோ சாயங்காலம் ஆனால் வீட்டில் தங்கமாட்டார். சந்து முனைக் காவல் கொட்டகையில் டோமினோ ஆட்டம் அவருக்காகக் காத்திருக்கும். லஸ்மினி கேக் வியாபாரம் ஆரம்பித்த பிறகு ஒருநாள், "போறதுதான் போறீங்க, நாலு பெட்டி மடிச்சுக் கொடுத்துட்டுப் போங்களேன்" என்று சிவப்புக் கயிறு கட்டிய அட்டைக் கட்டு ஒன்றை அவர் மடியில் வைத்தாள்.

அவ்வளவுதான். ஒன்றையாவது ஒழுங்காக மடிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று இவர் உட்கார்ந்தார். அவள் டிவி பார்த்துக்கொண்டே, பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மலைபோல் மடித்துக் குவித்தாள். இவர் முதல் பெட்டியின் முதல் மூலையில் நின்றார். "உங்க கை கையா, ஸ்பானரா?" என்று சிரிப்பாள். சர்க்கரை தூக்கலாக டீ போட்டுத் தருவாள். டோமினோ முடிந்துவிடும், டிவி முடிந்துவிடும், பெட்டி மட்டும் முடியாது. மறுநாளும் அதே சிவப்புக் கட்டு. அதே வீம்பு.

இன்று கட்டிலுக்கடியில் தேடி எடுத்ததும் அந்தக் கட்டுதான். அவருடைய கட்டு.

நுழையாத போல்ட்டுக்கு அவருக்குத் தெரிந்த வைத்தியம் கிரீஸ். நாக்கில் தடவினார். நாக்கு நுழையவில்லை, வெள்ளைப் பெட்டியில் பத்து விரலும் கறுப்பாகப் பதிந்தன. கத்தரிக்கோல் எடுத்து நாக்கைக் குறுக்கினார். இப்போது சுலபமாக நுழைந்தது, அதைவிடச் சுலபமாக வெளியே வந்தது. பெட்டி வாயைப் பிளந்து கொட்டாவி விட்டது.

ஸ்டேப்ளரை எடுத்தார்.

பாய் விரிக்க வந்த பழைய டோமினோ கூட்டாளி கஸ்மாடி எட்டிப் பார்த்தான். "ஏம்ப்பா, வர்றதெல்லாம் பல்லு போன கிழவனுங்க. எவனாவது லெம்பரோட சேத்து இந்தப் பின்னையும் முழுங்கினா அடுத்த நூறாம் நாள் அவனுக்குத்தான்."

"அப்ப நீ மட்டும் ரெண்டு பெட்டி வாங்கிக்க" என்று எரிந்து விழுந்தாலும், பின்னையெல்லாம் பிடுங்கினார். பிடுங்கிய இடமெல்லாம் கிழிந்தது.

மிச்சம் இருந்தது டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுகிற பசை. லாரி டயரையே பிடித்து நிறுத்துகிற சாமான். மூலைக்கு மூலை பூசி, வரிசையாக அடுக்கி, சீக்கிரம் காயட்டும் என்று மின்விசிறியைத் திருப்பிவிட்டார். பெட்டிகள் பறந்தன. சில சுவரில் ஒட்டின, சில ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரியமாட்டோம் என்றன.

"என்னப்பா, லஸ்மினிக்கு ஓதப்போறோமா, பஞ்சர் கடை திறக்கப்போறோமா?" கஸ்மாடி மூக்கைப் பொத்திக்கொண்டான்.

விசிறியை நிறுத்தப் பர்ஜோனோ எழுந்தார். அவரோடு ஒரு பெட்டியும் எழுந்தது. இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் பின்பக்கம் கச்சிதமாக ஒட்டியிருந்தது. அன்று பசையிலாவது நாலு மூலையும் சேர்ந்து, பெட்டி என்று சொல்லும்படி இருந்தது அது ஒன்றுதான்.

கஸ்மாடி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பர்ஜோனோவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"ஒண்ணே ஒண்ணுடா. அவ இருந்தப்ப ஒரே ஒரு பெட்டிகூட மடிச்சு அவ கையில குடுத்ததில்ல. பக்கத்துல உக்காந்து தண்டமா டீ குடிச்சுட்டே இருந்திருக்கேன். அவ ஒத்தையாவே எல்லாத்தையும் மடிச்சா. கடைசி வருஷம் மூச்சு வாங்கிக்கிட்டே மடிச்சா. இன்னிக்காவது..."

கஸ்மாடி அவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, சாரத்திலிருந்து பெட்டியை மெல்ல உரிக்க ஆரம்பித்தான். அதற்குமேல் நட்பு என்ன செய்யும்?

பள்ளிவாசல் ஒலிபெருக்கி தொண்டையைக் கனைத்தது. பாங்கு சொல்லப் போகிறார்கள்.

ஆபெம் தட்டோடு உள்ளே வந்த துமினி அப்படியே நின்றாள். சுவரைப் பார்த்தாள், சாரத்தைப் பார்த்தாள். பிறகு தரையில் கிடந்த சிவப்புக் கயிற்றைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, சமையலறைப் பரணிலிருந்து வேறொரு கட்டை இறக்கினாள். அதில் நீலக் கயிறு கட்டியிருந்தது.

"இதுல ஒண்ணு மடிங்கண்ணே."

"எதுக்கு? மறுபடியும் சிரிக்கவா?"

"மடிங்களேன்."

கடமைக்கு எடுத்தார். மடித்தார். நாக்கைத் துளைக்கு நேரே கொண்டுபோனார். தள்ளவே இல்லை, அது தானாகப் போய் 'டக்'கென்று உட்கார்ந்தது. அடுத்த மூலை, டக். பெட்டி நாலு காலும் ஊன்றி அவர் உள்ளங்கையில் நின்றது.

இன்னொன்று எடுத்தார். டக், டக். இன்னொன்று. அவர் விரல்கள் அவரைக் கேட்காமலே ஓடின. இத்தனை வருஷம் பழகிய விரல்கள் அல்லவா? கஸ்மாடி வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"எப்படி துமினி? இவ்வளவு நாளா வராதது, அவ போனப்புறமா வருது?"

துமினி அறுந்து கிடந்த சிவப்புக் கயிற்றை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டாள். அவரைப் பார்க்காமலே சொன்னாள்:

"அது துளை தப்பா வெட்டி, கடைக்காரன் கழிச்சுப் போட்ட அட்டைண்ணே, யாராலயும் மடிக்க முடியாது, அக்காதான் கேட்டுக் கேட்டு வாங்கி வைப்பாங்க, 'நல்ல பெட்டியைக் குடுத்தா சட்டுனு மடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவாரு'ன்னு."