அஞ்சரைக் கட்டை

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித் தொடங்குகிறேன். இங்கே உன் அக்கா சுகம், நான் பாதி சுகம், கீழ்வீட்டுக் கணக்கு டீச்சர் என்னோடு பேசுவதில்லை. காரணம், நான் ஒரு கீபோர்டு வாங்கிவிட்டேன். வருகிற சனிக்கிழமை உன் வேனோடு வந்து அதை எடுத்துக்கொண்டு போய்விடு. உன் மகள் வாசிக்கட்டும், இல்லையென்றால் அதன்மேல் துணி காயப்போடட்டும், எனக்குக் கவலையில்லை.

ஏன் வாங்கினேன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். பதினொரு வருஷத்துக்கு முன்னால் உன் வீட்டுக் கூடத்தில் உன் அக்கா பாடினாள், நினைவிருக்கிறதா? முடித்ததும் நான் பெரிய ரசிகன் மாதிரி, "சுருதி எங்கேயோ, நீ எங்கேயோ!" என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள், நீதான் அதிகம் சிரித்தாய். அன்றைக்கு மூடிய வாய், குளிக்கும்போதுகூடப் பாட்டுக்குத் திறக்கவில்லை. ஓய்வு பெற்று நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் அந்த அமைதி எனக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்க நாக்கு எழவில்லை. சுருதிக்கு ஒரு கருவி வாங்கி வைத்தால் அவளே புரிந்துகொண்டு பாடுவாள் என்று நினைத்தேன்.

கடையில் விற்பனைக்கு நின்ற பெண், "எத்தனை கட்டை சார் வேணும்? அறுபத்தொண்ணு இருக்கு, எம்பத்தெட்டு இருக்கு" என்றாள். உன் அக்காவின் சுருதி அஞ்சரைக் கட்டை என்பது எனக்குத் தெரியாதா? "அவ்வளவெல்லாம் எதுக்கும்மா, அஞ்சரை இருந்தா குடு. வீட்ல ஒருத்திதான் பாடப்போறா" என்றேன். அவள் பெட்டிக்குப் பின்னால் குனிந்து சிரித்துவிட்டு, "அது பாடுற கட்டை சார், இது அழுத்துற கட்டை" என்று அறுபத்தொன்றை என் தலையில் கட்டிவிட்டாள். வீட்டுக்கு வந்து எண்ணினால் முப்பத்தாறுதான்! நூலகத்தில் முப்பது வருஷம் புத்தக முதுகில் எண் ஒட்டியவன் நான், விடுவேனா? போன் போட்டுச் சண்டை பிடித்தேன். "கறுப்பையும் எண்ணுங்க சார்" என்றாள். எண்ணினேன், சரியாக இருந்தது, அதைச் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். பிறகு வெள்ளைக் கட்டைகளில் ஒன்று முதல் முப்பத்தாறு வரை எண் ஒட்டி, ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே இருந்த கறுப்பில் சிவப்புக் காகிதம் ஒட்டினேன். அஞ்சரை! ஸ்டாண்டைப் பெருக்கல் குறி போல விரித்து, அடாப்டரைச் செருகி, சும்மா வந்ததை ஏன் வீணாக்க வேண்டும் என்று ஹெட்ஃபோனையும் செருகி அழுத்தினால், சத்தமே இல்லை. வால்யூமை முழுசாகத் திருகினேன். மறுபடி போன். "ஹெட்ஃபோனைக் கழட்டுங்க சாஆர்" என்றாள். கழற்றினேன். அதற்குள் கை எந்தப் பொத்தானில் பட்டதோ, கூடத்துக்குள் ஹெலிகாப்டர் இறங்கியது. அதை நிறுத்த இன்னொன்றை அழுத்தினேன், ஹெலிகாப்டருக்குத் தாளம் சேர்ந்துகொண்டது. கீழிருந்து டீச்சர் சிவப்புப் பேனாவோடு ஓடிவந்து, "பேப்பர் திருத்திட்டிருக்கேன், இங்க என்னங்க நடக்குது?" என்று கத்திவிட்டு, ஒயரையே பிடுங்கிப்போட்டுவிட்டுப் போனார்.

இத்தனைக்கும் பிறகு ஒயரை மறுபடி செருகி, உன் அக்காவை உட்காரவைத்து, அந்தச் சிவப்புக் கட்டையை அழுத்தினேன். எருமை கொட்டாவி விட்டது போல ஒரு சத்தம். "இதுக்கு நான் பாடணுமாக்கும்?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். தோற்றுவிட்டேன் மச்சான். மறக்காமல் வேனைக் கொண்டு வா.

உன் மகளுக்கு ஆசிகள். அன்றைக்குச் சிரித்த மற்ற எல்லோருக்கும் என் விசாரிப்புகள்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: வேன் வேண்டாம். இதை உறையிலிட்டு ஒட்டப் பசை தேடும்போது கூடத்தில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், உன் அக்கா என் சிவப்புக் காகிதத்தைப் பிய்த்து, பத்தொன்பதுக்கும் இருபதுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கிறாள். "அஞ்சரை சரிதான், ரெண்டு ஸ்தாயி கீழ ஒட்டிட்டீங்க" என்றவள், அதை அழுத்திக்கொண்டு மெல்லப் பாட ஆரம்பித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சும்மா நிற்க முடியாமல் நானும் கூடவே முனகினேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "சுருதி எங்கேயோ, நீங்க எங்கேயோ!"

பதினொரு வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். "தப்புத்தான்" என்றேன். எந்தத் தப்பு என்று அவள் கேட்கவில்லை. "சரி, வாயை மூடிட்டு வந்து இந்தக் கட்டையைப் புடிங்க" என்றாள். விரலை எடுக்க இன்னும் உத்தரவு வராததால் இதை இடது கையால் எழுதுகிறேன். கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்.