தண்டனையை எங்கிருந்து அளப்பது

தாகேதா பஸ் நிறுத்தத்தில் என் கையிலிருந்து விரால் குழம்புத் தூக்கு விழுந்தது. மறுகையில் போன். போனில் அமெரிக்கக் கால்பந்து, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம். திங்கட்கிழமை காலையில் ரங்கூனில் அது நேரடியாக வரும்.

குழம்பு என் மனைவி பவானியின் அக்கா தமிழரசி வீட்டுக்கு. மாலையில் அங்கே பெண் பார்க்க வருகிறார்கள்.

பவானிக்குப் போனில் சொன்னேன். "வீட்டுக்கு வாங்க" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை.

எங்கள் வீடிருக்கும் பபேடானுக்குத் திரும்பும் பஸ்ஸில் என் கட்சியைத் தயாரித்தேன். குற்றத்தை மறுக்கப்போவதில்லை. தண்டனையை எங்கிருந்து அளப்பது என்பதே கேள்வி.

நாலாவது மாடி. கதவு திறந்தே இருந்தது.

"சொல்லுங்க."

"அந்த ஆட்டத்துல தப்பு நடந்தா, நடுவர் முதல்ல ஆட்டம் எந்த வகைன்னு பார்ப்பார். பந்து கையிலேயே இருந்தா, ஓட்டம் முடிஞ்ச இடத்திலேருந்து தண்டனை. கைநழுவிட்டா, ஆட்டம் ஆரம்பிச்ச இடத்திலேருந்து."

"முதல் வகைன்னா நீங்க நேரா அக்கா வீட்டுக்குப் போய் நின்னிருக்கணும்."

"ஆமா. இது நழுவின வகை."

"நழுவுறது உங்களுக்குப் புதுசா?"

புறப்பட்ட கோட்டைத் தாண்டுவதற்கு முன் நழுவினால்தான் அந்தச் சலுகை. அந்த உபவிதியை நான் சொல்லவில்லை. சொன்னால் வெறுங்கையோடு தமிழரசி அக்கா முன்னால் போய் நிற்க வேண்டும்; அவர் வாய் அப்படி.

பவானி சற்று யோசித்தாள்.

"சரி. நழுவின வகைதான். ஒத்துக்கிறேன்."

பதினெட்டு வருடத்தில் என் முதல் வெற்றி. நாற்காலியில் சாய்ந்து போனை எடுத்தேன். இரண்டாம் பாதி பாக்கி இருந்தது.

"ஏங்க, ஆட்டம் ஆரம்பிச்ச இடம் எது?"

"நம்ம வீடு."

"வீட்டுல எங்க?"

"அடுப்பங்கரை."

"தண்டனைன்னா அங்கேயே நிக்க விட்டுடுவாங்களா?"

"அதெப்படி? பத்து கஜம் பின்னால தள்ளுவாங்க."

விதியைச் சரியாகச் சொன்ன திருப்தி எனக்கு ஒரு கணம் இருந்தது.

"அடுப்பங்கரையிலேருந்து பின்னால போனா மீன் கடை" என்று பவானி கூடையை நீட்டினாள். "வாங்கி, சுத்தம் பண்ணி, மசாலா அரைச்சு, நீங்களே வைங்க. சாயங்காலம் நீங்களே கொண்டுபோய் அக்கா கையில குடுங்க."

"அப்ப ரெண்டு வகையும் எனக்கேவா?"

"ஆட்டம் மறுபடி முதல்லேருந்துங்க. ஓடுங்க."

சந்தையில் மீன்காரம்மா டோ ஏ ஏ என்னைக் கண்டதும் கட்டிவைத்திருந்த பையைத் தூக்கிக் கொடுத்தார். இரண்டு வீசை விரால், மூன்று கிலோவுக்கு மேல் இருக்கும். உயிரோடு துள்ளியது.

நான் தாகேதாவிலிருந்து போன் செய்து வைத்த மறுநிமிடமே பவானி மீனுக்குச் சொல்லிவிட்டாளாம்.